ஒரு 'பு' செய்த புண்ணியம்

தமிழில் டிஸ்டிங்ஷன் வாங்கியவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கணக்கில் வாங்கியவர் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவார். தமிழில் வாங்கியவர் ஊரைத் திருத்தக் கிளம்பிவிடுவார். நான் பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவலில் தமிழில் டிஸ்டிங்ஷன். (மற்ற பாடங்களைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம்.)

எண்பதுகளின் தொடக்கம். வங்கிகள் நிறைந்த ஷென்டன் வே சாலையில் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். மாலையில், தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தின் மாதர் குழுவில் உறுப்பினர். அதுவரை அந்தக் குழு செய்த சாதனைகள்: கேக், பிளாஸ்டிக் பூ, மறுபடியும் கேக். ஒரு நாள் குழுத் தலைவி சரோஜா டீச்சர் பொறுமை இழந்தார்.

"கேக் போதும். நம்ம கதைய நாமளே படம் எடுப்போம்" என்றார்.

டீச்சரின் தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். அவர் வாங்கி வந்த சூப்பர் எயிட் கேமரா ஒன்று சும்மா கிடந்தது. அதில் படம்தான் பிடிக்கும், பேச்சு பிடிக்காது. பேச்சைத் தனியாகக் கேசட்டில் பதிந்து, படம் ஓடும்போது கூடவே ஓடவிட வேண்டும். அப்படியும் மூன்று பேர் மூன்று படம் எடுத்து முடித்தோம்.

டீச்சரின் படம், மூவறை வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிக்க இடம் தேடி அலையும் ஒரு மனைவியைப் பற்றியது. கடைசியில் கழிவறைதான் கிடைக்கிறது. படத்தின் பெயர் 'கதவைச் சாத்து'. தாதி கமலா அக்கா, மருத்துவமனையில் தன் முதல் நைட் டூட்டியைப் படமாக்கியிருந்தார். பெயர் 'முதல் இரவு'. என் படம், வீட்டிலிருந்தே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் என் அம்மாவைப் பற்றியது. அதற்கு நான் யோசித்து யோசித்து வைத்த பெயர் 'திரை விலகும்போது'.

இந்த மூன்று பெயர்களையும் வரிசையாகப் படித்த பிறகும் எங்கள் யார் மண்டையிலும் மணி அடிக்கவில்லை.

மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலைய மண்டபத்தில் விழாவாகத் திரையிட நினைத்தோம். நிலையத் தலைவர் திரு. லிம் நல்ல மனிதர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைப் பூப்பந்து விளையாடும் ஆண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் டீச்சரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். மண்டபம் நிறைந்தால் இனி வருஷா வருஷம் விழா நடத்தலாம். நாற்காலி காலியாகக் கிடந்தால் மண்டபம் பூப்பந்துக்கு, நாங்கள் மறுபடியும் கேக்குக்கு. டீச்சர் அன்று முகம் வாடிப் போனதை நான் பார்த்தேன். அவருக்கு அந்த விழா உயிர்.

விளம்பரத் தாளை டைப் அடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. (தமிழில் டிஸ்டிங்ஷன் அல்லவா.) டீச்சர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்: 'பெண்கள் எடுத்த குறும்பட விழா'.

எனக்கு அந்தச் சொல் இடித்தது. நாங்கள் எல்லோரும் வாய் நிறைய 'ஷார்ட் பிலிம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். குறும்படம் என்றொரு சொல்லை நான் கேட்டதே இல்லை. குறும்பு கேள்விப்பட்டிருக்கிறேன். கழிவறையில் பேப்பர் படிக்கிற படம் குறும்பு இல்லாமல் வேறென்ன? பாவம் டீச்சர், அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். 'பு' சேர்த்தேன். ஒற்று மிகும் இடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகவே ஒரு 'ப்'பும் சேர்த்தேன்.

'பெண்கள் எடுத்த குறும்புப்பட விழா.'

கீழே மூன்று படங்களின் பெயர்கள். அதற்கும் கீழே டீச்சர் எழுதியிருந்த குறிப்பு: 'சிறுவர்களுக்கு அனுமதி இல்லை.' (பிள்ளைகள் அழுதால் கேசட் கேட்காது என்பதற்காக.) நகல் எடுத்து, தேக்காவில் மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை என்று ஒன்றுவிடாமல் நானே ஒட்டினேன். முடிதிருத்தும் கடைக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, "நெசமாவா தங்கச்சி? சமூக நிலையத்துலயா?" என்று கேட்டார். கலை ஆர்வம் என்று நினைத்து இன்னொரு தாளும் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரை நின்றது. அத்தனையும் ஆண்கள். துறைமுகம், கப்பல் பட்டறை, காவல் வேலை என்று ஊரிலுள்ள அத்தனை பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, தேய்த்த சட்டை போட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

டீச்சர் கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒருவர் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார்.

"ஸ்டெல்லா, இந்தப் 'பு' எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்க விட்டுட்டீங்க டீச்சர். நான்தான் போட்டேன்."

டீச்சர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார்.

விழாவை நிறுத்திவிடலாம் என்று டீச்சர் எழுந்தபோது திரு. லிம் வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. பேருந்து நிறுத்தம் வரை நின்ற வரிசையைப் பார்த்து அசந்து போனார்.

"வாஹ்! சோ மெனி மென் லா! சப்போர்ட்டிங் தி லேடீஸ்!" என்று எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு நெகிழ்ந்தவர், வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுக்க ஆரம்பித்தார். கைகொடுத்த பிறகு எவனுக்கும் திரும்பிப் போகத் துணிவில்லை.

விளக்கை அணைத்து 'கதவைச் சாத்து' போட்டோம். தலைப்புக்கு ஆரவாரம். திரையில் அந்த அம்மாள் பேப்பரோடு கழிவறைக்குள் போனபோது மண்டபமே நாற்காலி நுனிக்கு வந்தது. அவர் உட்கார்ந்து விலைவாசிச் செய்தியைப் படித்தார். படம் முடிந்தது. "ட்ரெய்லர் போல" என்றது ஒரு குரல்.

அடுத்து 'முதல் இரவு'. எழுத்து வந்ததுதான் தாமதம், விசில் கூரையைப் பிளந்தது. கமலா அக்காவின் முகம் சிவந்தது. அவர் போய்ப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்.

"விசிலடிச்ச அண்ணன் யாரு? முகத்தக் காட்டுங்க. நாளைக்கு நீங்க வார்டுக்கு வந்தா ஊசி நான்தான் போடணும். எங்க போடுவேன்னு தெரியும்ல?"

சிரிப்பு வெடித்தது. சிரிக்காத ஒரே ஆள் முன் வரிசையில் நட்டநடுவே, கைக்குட்டையால் முகத்தை மூடியபடி இருந்தார். அந்தக் கைக்குட்டையின் மூலையில் என் சித்தி பூத்தையல் போட்ட சிலுவை.

என் சூசை சித்தப்பா. பங்குக் கோயிலில் வாசகம் படிப்பவர். சினிமா சாத்தானின் வேலை என்று வீட்டில் டிவிக்கே துணி போட்டு மூடி வைத்திருந்தவர். நான் கேமராவைத் தொட்டதற்கு ஒரு மாதம் என்னோடு பேசாதவர். அன்று சித்தியிடம், நோயாளி ஒருவரைப் பார்த்து ஜெபம் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"சித்தப்பா!" என்று கத்திவிட்டேன். (அடக்கம் எனக்கு டிஸ்டிங்ஷன் பாடம் அல்ல.)

மறுபடி விளக்கு அணைந்தது. இம்முறை சத்தமில்லை. திரையில் ஒரு கிழவர், மகன் என்று நினைத்துக் கமலா அக்காவின் கையை விடாமல் பிடித்திருந்தார். ஜன்னல் வெளுக்கும் வரை அக்கா அப்படியே நின்றார். பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஊரைவிட்டு வந்து தனியாக இருப்பவர்கள் அவர்கள், காய்ச்சலில் படுத்தால் கைபிடிக்க ஆளில்லாதவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் படத்தை எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள். திரை விலகியது. ஜன்னல் தெரிந்தது. "தங்கச்சி, உங்கம்மா சோபா கவரும் தைப்பாங்களா?" என்று கேட்டார் ஒருவர். நான் பெற்ற ஒரே விமர்சனம் அதுதான்.

திரு. லிம் மேடையேறினார். பெண்களின் கலைக்கு ஆண்கள் இப்படித் திரண்டதை எங்குமே கண்டதில்லை என்றார். விழா இனி ஆண்டுதோறும் நடக்கும் என்றார். டீச்சர் அழுதார், நான் அழுதேன். பிறகு திரு. லிம்மின் பார்வை முன் வரிசைக்குப் போனது. "திஸ் ஜென்டில்மேன், வெரி மாடர்ன் மேன்!" என்று சித்தப்பாவை மேடைக்கு இழுத்துவிட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண்ணின் திறமை ஆண்டவர் தந்த கொடை, அதை மூடி வைப்பது பாவம் என்று கோயிலில் பேசுவதைப்போல் பேசி முடித்தார். பலத்த கைதட்டல். திரு. லிம் அங்கேயே அவரை விழாவின் புரவலர் ஆக்கினார்.

செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. சித்தி இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார். "நோயாளியப் பாக்கப் போறேன்னு சொன்னீங்க?"

"பாத்தேனே. வார்டு பூரா படுத்திருந்தாங்க" என்றார் சித்தப்பா, முகம் மாறாமல்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் புரவலர் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வராமல் இருக்கச் சித்தி விடவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றும் எந்த ஆண்பிள்ளையாவது ஓவர்டைம் என்று தாமதமாக வந்தால், "என்ன, கலைச் சேவையா?" என்றுதான் கேட்போம்.

அண்மையில் சித்தப்பாவின் பேத்தி எடுத்த குறும்படம் நகரில் ஒரு பெண்கள் திரைப்பட விழாவில் ஓடியது. முடிந்ததும் அவள் மைக்கைப் பிடித்து, "நான் படம் எடுக்க என் தாத்தாதான் காரணம். ஆம்பளைங்க யாரும் வராத காலத்துல, பொம்பளைங்க எடுத்த படத்துக்கு முதல் வரிசைல உக்காந்தவர் அவர்" என்றாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. சக்கர நாற்காலியில் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

காது கொஞ்சம் மந்தமான சித்தி, தன் குரலின் அளவு தெரியாமல் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "முதல் வரிசை கிடைக்காம போயிடும்னு அன்னைக்கு மனுஷன் சோறுகூடத் திங்காம ஓடினார் லா!"