எத்துப்பல்லும் இலவசக் கம்பியும்

இருபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கிடைத்த சலுகையில் தானும் பங்கு கேட்கப் போனாள் என்றால் அவளைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அவள் நான்தான்.

எனக்கு எத்துப்பல். நான் வீட்டுக்குள் வருவதற்கு அரை நொடி முன்பே அது வந்துவிடும் (அண்ணன் சொன்னது. கூடப்பிறந்தவர்கள் இதற்குத்தான் இருக்கிறார்கள்). வேலை பார்த்ததோ அரியலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில். வருகிறவர்களிடமெல்லாம் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சுவேன், என் உதட்டை இழுத்து மூடிக்கொண்டு. தனியார் டாக்டரிடம் கம்பி கட்டுவதெல்லாம் நமக்கு ஆகாது என்பது வீட்டில் யாரும் பேசாமலே முடிவான விஷயம்.

அந்த நிலைமையில்தான் அண்ணன் மகள் யாழினியின் பள்ளியில் பல் முகாம் நடந்தது. அவளுக்கு ஒரு கோரைப்பல் லேசாகத் திரும்பி, கீழ்வரிசை நெருக்கியடித்து நின்றது. பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அரசு செலவிலேயே கம்பி கட்டுவார்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவள் அழுதாள்.

"எனக்கு வேணாம் அத்தை. ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க."

"நான் கூட வரேன்டி" என்றேன். என் தியாக மனதைப் பார்த்து அண்ணி உருகிவிட்டார். என் மனதில் ஓடிய கணக்கு வேறு. சின்னப் பிள்ளைக்குக் கட்டுகிறவர்கள் பெரியவர்களுக்கும் கட்டமாட்டார்களா என்ன? நேரடியாகக் கேட்க வெட்கமாக இருந்ததால், பஸ்ஸில் போகும்போதே ஒரு சிநேகிதியைக் கற்பனை செய்துகொண்டேன்.

பல் பிரிவில் நல்ல கூட்டம். டாக்டரம்மாவைச் சுற்றி ஐந்தாறு பயிற்சி டாக்டர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். யாழினியின் வாயைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், வயதைக் கேட்டார், "கட்டிடலாம்" என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அவள் முகம் தொங்கிப்போனது.

நான் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன்.

"டாக்டர், என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா. இருபத்தெட்டு வயசு. அவளுக்கு எத்துப்பல்லு. அவளுக்கும் இங்க கட்டுவீங்களா?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னார்: "உங்க ஃப்ரெண்டை அந்த நாற்காலியில உக்காந்து வாயைத் திறக்கச் சொல்லுங்க."

பயிற்சி டாக்டர்கள் சுவரைப் பார்த்தார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "யாரு ஃப்ரெண்டு, இதேதானா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். நான் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகவே விளக்கினார். "பதினெட்டுக்கு மேல போயிட்டா அழகுக்காகன்னு எழுத முடியாதுங்க. சாப்பிட முடியல, தாடை வலிக்குதுன்னு இருந்தாத்தான் சிபாரிசு பண்ண முடியும். சாப்பிடச் சிரமம் இருக்கா?"

ஆயுளில் எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. விடுவேனா?

"ரொம்பச் சிரமம் டாக்டர். வருஷக் கணக்கா கஞ்சிதான்."

அவர் பேனாவை எடுத்தார். அப்போது என் பக்கத்திலிருந்து, கம்பி உறுதியான சோகத்தில் இருந்த அந்தக் குழந்தை, மிகத் தெளிவான குரலில் பேசியது.

"இல்ல டாக்டர். அத்தை கரும்பைப் பல்லாலயே உரிச்சுத் தின்பாங்க. நேத்து சோடா பாட்டில் மூடியைக் கூடக் கடிச்சுத்தான் திறந்தாங்க."

டாக்டரம்மா ஒரு சீட்டில் ஏதோ எழுதி மடித்து என்னிடம் கொடுத்தார். படிக்கத் தைரியம் வரவில்லை. காது அடைத்துப்போய் நின்றேன். அப்போது ஒரு பயிற்சி டாக்டர் பெண் வந்து ஏதோ நீளமாகச் சொன்னாள். "அளவு எடுக்கணும்", "உங்களுக்குச் சம்மதமா" என்ற இரண்டு மட்டும் என் காதில் விழுந்தன. டாக்டரம்மா மனமிரங்கிவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"சம்மதம்" என்றேன். (தாலி கட்டிக்கொள்ளும்போதுகூட அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.)

இளஞ்சிவப்பு மாவு ஒன்றைத் தட்டில் குழைத்து வாய்க்குள் அழுத்தினாள். தொண்டை வரை போனது. குமட்டியது, கண்ணில் நீர் கொட்டியது, ஒருமுறை அவள் விரலையும் கடித்துவிட்டேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. தாடையெல்லாம் மாவு ஒட்டியிருக்க, வராந்தாவுக்கு வந்து அண்ணிக்குப் போன் செய்தேன். "எனக்கும் கட்டப் போறாங்க அண்ணி." ஸ்டுடியோ முதலாளிக்குச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்னேன். பிறகு உள்ளே போய், "நான் என்னைக்குக் கம்பி கட்ட வரணும்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அக்கா, முதல்லயே சொன்னேனே. உங்களுக்குக் கட்ட இல்லக்கா. இந்த மாதிரிப் பல் வரிசை கிடைக்கிறது கஷ்டம். நாங்க மாடல் செஞ்சு வச்சுப் படிக்கத்தான்."

திரும்பும்போது பஸ்ஸில் நானும் யாழினியும் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அவளுக்குக் கம்பி கிடைத்த துக்கம், எனக்குக் கிடைக்காத துக்கம். பாதி வழியில் சீட்டைப் பிரித்தேன். 'மெல்லும் திறன் மிக நன்று' என்றிருந்தது. பத்தாம் வகுப்பில்கூட எனக்கு யாரும் 'மிக நன்று' போட்டதில்லை.

வீட்டில் அண்ணி, கம்பி கட்டினால் வாய் வலிக்குமே என்று எனக்காகத் தனியாகக் கஞ்சி வைத்திருந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அதைக் குடித்தேன். பிறகு அறைக்குள் போய் அழுதேன். அதை மட்டும் இன்றுவரை என்னால் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

யாழினிக்கு இரண்டு வருடம் கம்பி. மாதாமாதம் நான்தான் அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த பயிற்சி டாக்டர்கள் என் வாயைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். "மேடம், அலமாரியில இருக்கிற மாடல் உங்களோடதா?" ஒருவன் மட்டும் வருத்தமாகச் சொன்னான், "எக்ஸாம்ல உங்க பல்லுதாங்க வந்துச்சு. எனக்கு அரியர்."

இப்போது யாழினி கல்லூரிக்குப் போகிறாள். பல் வரிசையாக இருக்கிறது. போன மாதம் அவளைப் பெண் கேட்டு வந்த தரகர், "உங்க குடும்பத்துல கவர்மெண்ட் வேலையில யாராச்சும் இருக்காங்களா?" என்று விசாரித்தார். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"என் தங்கச்சி பல்லு இருக்குங்க. பெரம்பலூர்ல பர்மனெண்ட்டு."