கசின் என்னும் பகையை நாகஜோதி எதிர்கொண்ட படலம்

உப்புக்காற்றை உண்டு உரமேறிய தோளினளும், மாரியூர்க் கடலின் ஆடி மாதத்து அலையையே அதட்டி உட்காரவைக்கும் குரலினளும், செய்ய வேண்டிய முறையை விடாதவளும், செய்யாமல் விட்டவரை வீடு தேடிப்போய்க் கேட்பவளும், மாப்பிள்ளை முத்துகிருஷ்ணனுக்குப் பெரியப்பன் மகளாய்ப் பிறந்து அக்காள் என்னும் அரியணையில் யாரும் ஏற்றிவிடாமல் தானே ஏறி அமர்ந்தவளுமாகிய நாகஜோதி வாழ்க! அவள் உடுத்திய அரக்குச் சிவப்புப் பட்டு வாழ்க! அந்தப் பட்டை மிதித்து வழிமறித்த கூட்டமும், போனால் போகிறது, வாழ்க! உத்தரகோசமங்கையில் உறையும் மங்களேஸ்வரித் தாயே, இந்தப் போரைப் பழுதில்லாமல் சொல்ல எனக்கு நாக்குக் கொடு. மைக் மட்டும் கொடுத்துவிடாதே. அது செய்த கேட்டைத்தான் சொல்ல வந்தேன்.

யாருக்கும் யாருக்கும் போர், எதற்காகப் போர் என்கிறீர்களா? மண்ணுக்காக அன்று, மணிமுடிக்காகவும் அன்று. தாலிக்கயிற்று முடிச்சுக்காக. முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி மணமகளின் பின்னே நின்று போடுவது அந்த வீட்டு வழக்கம். நாத்தனார் முடிச்சு என்பது அதன் திருப்பெயர். முத்துகிருஷ்ணனோ ஒற்றைப் பிள்ளை. இருக்கட்டுமே, பெரியப்பன் மகள் குத்துக்கல்லாக இருக்கும்போது ஒருவனைப் பார்த்து அக்காள் இல்லாதவன் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? வந்தது. மாப்பிள்ளைக்கே வந்தது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் முன் தவமிருந்து பொருளீட்டும் அவனுடைய திருமணத்துக்கு, அவனுக்கு மேனேஜராகிய வெள்ளைக்காரர் ஒருவர் பரிவாரம் சூழ ராமநாதபுரத்துக் கல்யாண மண்டபத்தில் எழுந்தருளப் போவதாகச் செய்தி வந்தமையால், மேடையில் பேசுவதெல்லாம் இங்கிலீஷிலேயே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. கீழக்கரையிலிருந்து சுஹா என்னும் தேமதுரக் குரலாள் தொகுப்பாளினியாக அமர்த்தப்பட்டாள். அந்தப் பிள்ளைமேல் குற்றம் இல்லை. முந்தின நாளே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, உங்களுக்கு சிஸ்டர் உண்டா என்று இங்கிலீஷில் கேட்டாள். அவனும் இங்கிலீஷில் யோசித்து, இல்லை என்றான். தமிழில் கேட்டிருந்தால் அரை டஜன் பேரை அடுக்கியிருப்பான். அப்படியென்றால் முடிச்சுப் போடப்போவது யார் என்றாள். கசின் என்று சொல்லிப் போனை வைத்தான். பெரும்போர்கள் இவ்வளவு சின்ன வாயிலிருந்துதான் புறப்படுகின்றன.

இங்கிலீஷ் என்னும் பேரரசு ஏழு கடலையும் கட்டி ஆண்டது, கப்பல் விட்டது, பாம்பனில் கடல்மேல் ரயிலே ஓட்டிக் காட்டியது. ஆனாலும் என்ன, சொந்தக்காரர்களை அழைக்க வேண்டிய நேரத்தில் அதன் அம்பறாத்தூணியைக் கவிழ்த்துப் பார்த்தால் விழுந்தவை அங்கிள், ஆன்ட்டி, கசின் என்னும் மூன்று மொட்டை அம்புகளும், எதன் வாலில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள ஓர் இன்-லாவும்தான். தாய்மாமனும் அங்கிள், சித்தப்பனும் அங்கிள், பந்தல்காரரும் அங்கிள். அன்று காலையில், மாலை எடுத்துக் கொடுக்க அங்கிள் வருக என்று சுஹா அழைத்தபோது மேடை ஏறியவர்களின் பாரத்தால் பலகை முனகியது. உரிமையுள்ள தாய்மாமனோ தோள்துண்டைப் பறிகொடுத்துப் படியோரம் ஒதுங்கினார். ஆயினும் அங்கிளைக் காட்டிலும் கொடியது கசின். கட்டிக்கொள்ளும் முறையுள்ள அத்தை மகளும் கசினாம். அப்படி நினைத்தாலே வாயைக் கழுவ வேண்டிய பெரியப்பன் மகளும் கசினாம். நெத்திலியையும் சுறாவையும் ஒரே கூடையில் கொட்டி, வெறுமனே மீன் என்று கூவுகிறவனை எந்தக் கடற்கரையில் விட்டுவைப்பார்கள்?

முகூர்த்த வேளை நெருங்கியது. நாதஸ்வரம் கனைத்தது. புகை மெஷின் திடீரென்று சீறி ஐயரை மறைத்து, பிறகு இருமலோடு திருப்பித் தந்தது. நாகஜோதியோ மண்டபத்தின் கோடியில், மணமகள் அறை வாசலில், குத்துவிளக்குக்கு ஊற்ற வேண்டிய எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தியபடி, அழைப்புக்காகக் காத்து நின்றாள். சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள் என்பது அவள் கணக்கு. ஊசி போடுகிற நர்சம்மாவுக்கே கொடுக்கும் பட்டத்தை உள்ளபடியே அக்காளாகியவளுக்குத் தராமல் இருப்பார்களா?

அந்நேரம் விண்ணதிர முழங்கியது மைக்: “கிரூம்ஸ் கசின், ப்ளீஸ் கம் டு த ஸ்டேஜ்!”

நாகஜோதி அசையவில்லை. யாரோ கசினாம், யாரையோ போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நின்றாள். ஆனால் அசைந்தது மண்டபம். அத்தை மக்களும் மாமன் மக்களும் சித்தி மக்களும், நாற்காலிகள் நாலாபுறமும் தெறிக்க, தலைவாரிய சீப்போடும் கடித்த வடையோடும், கரைவலையை நோக்கிப் பாயும் காகக் கூட்டம்போல் மேடையை நோக்கிப் பாய்ந்தனர். அந்தப் படைக்கு முன்னணியில் சென்றவள் சண்முகவள்ளி. மாப்பிள்ளையின் அத்தை மகள். மச்சான் மச்சான் என்று மிரட்டியே அவனிடம் ஐஸ்கிரீம் கறந்து வளர்ந்தவள். அவள் கொடியாக உயர்த்திப் பிடித்தது செல்போன். செல்ஃபி ஒன்றே அவள் நோக்கம். சுஹாவோ முதலில் வந்தவளே முடிச்சுக்கு உரியவள் என்று நம்பி, அவள் கையைப் பிடித்து மணமகளின் பின்னே நிறுத்தினாள்.

கெட்டிமேளம் கொட்டியது. முத்துகிருஷ்ணன் முதல் முடிச்சைப் போட்டான். மறுபடியும் சீறியிருந்த புகை விலகியது. மணமகளின் பின்கழுத்தருகே சண்முகவள்ளியின் கை நிற்பதைக் கோடியிலிருந்து கண்டாள் நாகஜோதி.

கண்டாள், கொதித்தாள், கொசுவத்தை ஒரு சுருட்டுச் சுருட்டி இடுப்பில் செருகினாள். காமிரா தொங்கும் இரும்புக் கழுத்தொன்று தலைக்கு மேலே தாழ்ந்து வர, குனிந்து அதற்குத் தப்பினாள். நீண்டு கிடந்த ஒயர்களாகிய நாகங்களைத் தாண்டினாள். பன்னீர்ச் சொம்போடு எதிர்ப்பட்ட சிறுமியரைப் பிளந்து சென்றாள். இறுதியில் மேடைப்படியை அடைத்துக்கொண்டு, கோட்டைச் சுவரென நின்றான் மாரீஸ்வரன். மாப்பிள்ளைக்கு மாமன் மகன். புது வேட்டி உடுத்தியவன். அதைக் காலையிலிருந்து யாரையும் தொடவிடாதவன்.

“இங்கன எடம் இல்ல மதினி. அடுத்த போட்டோவுக்கு வாங்க” என்றான் அவன்.

வில்லெடுக்கவில்லை, வேலெடுக்கவில்லை அந்த வீராங்கனை. விளிம்புவரை ததும்பிய எண்ணெய்க் கிண்ணத்தை அவன் இரு கைகளிலும் வைத்து, சிந்தாமப் பிடிச்சுக்க என்று மட்டும் சொன்னாள். அசைந்தால் வேட்டி போய்விடும். கோட்டை அந்தக் கணமே சிலையாயிற்று. சிலையின் அக்குளுக்குக் கீழே புகுந்து மேடையேறினாள்.

அங்கே மேளமும் ஐயரும் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்ட, சண்முகவள்ளி கயிற்றின் நுனிகளைப் பிடித்தபடி மாப்பிள்ளையின் காதருகே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். சுஹாவின் மைக் அணையவில்லை. ஆகையால் மண்டபம் முழுவதும் கேட்டது.

“என்ன மச்சான், நான் முடிச்சப் போட்டேன்னா இன்னையிலருந்து நீ எனக்கு அண்ணன். அப்புறம் ஒன்னையக் கேலி பேச முடியாது. நல்லா யோசிச்சுக்க.”

மணமகள் குனிந்த தலை நிமிராமலே சிரித்துக் குலுங்கினாள். வெள்ளைக்கார மேனேஜர் இதுவும் மந்திரத்தில் ஒரு பகுதி என்று கருதிக் கைதட்டினார். அந்தக் கைதட்டலை மிதித்துக்கொண்டு வந்து நின்றாள் நாகஜோதி. பதறிப்போன சுஹா இங்கிலீஷை இறக்கி வைத்துவிட்டு, கசினைக் கூப்பிட்டபோதே நீங்கள் வந்திருக்கலாமே என்று தமிழில் கேட்டாள்.

“நான் கசின் இல்லத்தா” என்றாள் நாகஜோதி. பிறகு அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, முளையை விட்டு வேரைத் தேடுபவள்போல் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். “ஏலே, நான் ஒனக்கு யாரு? அத மட்டும் அந்த மைக்ல சொல்லு. நீ கசின்னு சொன்னேன்னா நான் எறங்கிப் போறேன். பந்தியில சாப்புட்டு, மொய் மொறைய எழுதிட்டு, கசின் மாதிரியே ஊருக்குப் போயிருவேன்.”

மேளம் நின்றது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனிப் பரிவாரம் முழுவதும் செல்போனை உயர்த்திப் படம் பிடித்தது. முத்துகிருஷ்ணனின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கின் வழியே இறங்கிற்று. மேனேஜரைப் பார்த்தான். இங்கிலீஷில் தேடினான், அந்தப் பேரரசின் கஜானா முழுவதும் துழாவியும் செல்லாக்காசுகூட அகப்படவில்லை. மைக்கை வாங்கினான்.

“அக்கா” என்றான். மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோய், “எங்க அக்கா. நேரமாவுது, முடிச்சப் போடுக்கா” என்றான்.

மச்சானைக் கேலி பேசும் உரிமை பிழைத்ததென்று சண்முகவள்ளி மகிழ்ந்து விலக, நின்ற மேளம் நூறு மடங்காய் மீண்டும் எழ, பூவும் அட்சதையும் மாரியெனப் பொழிய, முறையென்னும் பெருங்கொடி விண்ணளாவப் பறக்க, கடல்சூழ் சேதுநாட்டின் அக்காள்மார் அனைவரின் மானத்தையும் தன் பத்து விரல்களில் தாங்கிய நாகஜோதி, இரண்டு முடிச்சுகளையும், மணமகள் மெல்ல அண்ணி, அண்ணி, கழுத்து என்று முறையிடும் அளவுக்கு, இறுக்கிப் போட்டு இறங்கினாள்.

நாத்தனாருக்கு எடுத்து வைத்திருந்த சேலையைப் பெண் வீட்டார் அதற்குள் கசினிடம் கொடுத்துவிட, சண்முகவள்ளி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.