பஞ்சரின் இரண்டாவது வயலின்

பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தாலும் வரும், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பஞ்சரைப் போல இன்னொரு ஆள் இந்த மாவட்டத்துக்கு வரப்போவதில்லை. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழியைப் பார்க்காமல் காதைக் கொடுத்துக் கேட்டு, "எஃப் ஷார்ப்புல போவுது சார், முள்ளுதான். ஆணின்னா ஜி வரும்" என்று காற்று போகும் சுரத்தை வைத்தே சொல்லும் மனிதரை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் பஞ்சர்தான்.

நான் சென்னையிலிருந்து மாற்றலில் வந்த வங்கி குமாஸ்தா. பகலெல்லாம் டோக்கன் நம்பர் கூப்பிடுவதைத் தவிர வாய்க்கு வேலை கிடையாது. மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லூரியில் கற்ற கிதாரைச் சுவருக்கு வாசித்துக் காட்டுவேன். சுவர் ஒருநாளும் கை தட்டியதில்லை.

முதல் தடவை என் ஸ்கூட்டர் டியூபில் சொல்யூஷன் தடவியவர், "காயட்டும் சார்" என்று டயர் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு வயலினை எடுத்தார். அசல் மேற்கத்திய சங்கீதம்! நான்கு வரி வாசித்தார். சட்டென்று வில்லைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி, "ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு" என்று தலையாட்டித் தாளம் எண்ணிக்கொண்டே போனார். பிறகு ஒரே ஒரு சுரத்தை இழுத்துவிட்டு மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அது அண்ணன் வாசிக்கிற எடம் சார். நான் ரெண்டாவது வயலினு."

மாகறலில் கூலி வேலைக்குப் போன குடும்பம். சர்ச் பாதர் அண்ணன், தம்பி இருவருக்கும் கற்றுக்கொடுத்த பாடமாம் அது. அண்ணன் குவைத்துக்குப் போனார். ஒன்பது வருடமாகப் போன் இல்லை. தம்பி மட்டும் தன் பாதியை வாசித்துவிட்டு, அண்ணன் பாதி முடியும்வரை காத்திருக்கிறார்.

"அதையும் நீங்களே வாசிக்கலாமே?"

"இன்னா சார் பேசற? நான் அதுல பூந்துட்டா, அவன் வந்து எங்க குந்துவான்?"

மறுநாள் கிதாரோடு போய் நின்றேன். பஞ்சருக்கு அரை நாள் தர்மசங்கடம். கடைசியில் அவரே ஒரு சட்டம் கண்டுபிடித்தார். "இது வயலினு இல்ல. அப்போ அண்ணன் எடம் காலியாத்தான் கீது." ஸ்டூல் அண்ணனுக்கு, எனக்கு லாரி டயர். பஞ்சர் வாயால் பாடிக் காட்டக் காட்ட, அண்ணன் பாகத்தை நான் தடவித் தடவிக் கிதாரில் வாசித்தேன். இரண்டே மாதத்தில் நாங்கள் இரட்டையர்கள் ஆகிவிட்டோம்.

அரங்கேற்றத்துக்கும் பஞ்சர்தான் காரணம். திருமுக்கூடல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இன்னிசைக் குழுவின் வேன், இரண்டு டயர் கிழிந்து கடை வாசலில் நின்றுவிட்டது. வேறு டயர் காஞ்சிபுரத்திலிருந்து வரவேண்டும். வேனுக்கு வழிகாட்டிக்கொண்டு பைக்கில் வந்த மணப்பெண்ணின் மாமா அலறினார். "பாட்டு இல்லன்னா மாப்ள வூட்டுக்காரங்க பேஜார் பண்ணுவாங்கப்பா! நீங்க ரெண்டு பேரும் என் பைக்ல ஏறுங்க!"

மேடையில் பஞ்சர் மூன்று நாற்காலி போட்டார். ஒன்றை எடுக்க வந்த மண்டபக்காரரை அடிக்காத குறை. வாசிக்கத் தொடங்கினோம். அண்ணன் இடம் வந்ததும், பழக்க தோஷம், பஞ்சர் மைக்கிலேயே "ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் கூடவே கத்தின. மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். நான் வியர்த்து விறுவிறுத்து வாசித்துக்கொண்டே போனேன்.

திடீரென்று எண்ணிக்கை நின்றது. திரும்பிப் பார்த்தால், பஞ்சர் எண்ணுவதை விட்டுவிட்டு நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் சேர வேண்டிய இடத்தையே தவறவிட்டார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவையாம்.

சாப்பிடும்போது, "அண்ணன் இத்த ஸ்பீடா வாசிப்பான் சார். நீ இஸ்துக்கினு போற" என்றார். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டே, "அதுவும் நல்லாத்தான் கீது" என்றார்.

வந்த நாளிலிருந்து நான் கெஞ்சிக்கொண்டிருந்த சென்னை மாற்றல் போன மாதம் கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இந்த ஊர்ல உங்களுக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

"அண்ணன் இருக்கார் சார்" என்றேன்.