ஆடு தப்பு

வாசகரே, எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஜீவராசியைத் தவறாமல் பார்க்கலாம். பெயர், படவாதி. படம் ஒன்று சொல்லி நிஜம் வேறொன்று சொன்னால், நிஜத்தைத் திருத்தப் புறப்படும் இனம். நானும் வருஷக்கணக்கில் ஊர் சுற்றியவள்தான். ஆனாலும் இதில் நன்றாகக் கொழுத்த ஒன்றைப் பார்க்க, காஞ்சிபுரத்தில் செவிலிமேடு டவுன் பஸ்ஸில்தான் ஏற வேண்டியிருந்தது. என் அக்கா மகள் பொன்னி அங்கே பத்தாம் வகுப்பு. உயிரியல், தினகரன் சார்.

சார் வகுப்புக்குள் வருவார், வணக்கத்தைக் காதில் வாங்கமாட்டார், கலர் சாக்பீஸ்களை வரிசையாக அடுக்குவார், பலகை நிறைய ஒரு இதயம் வரைவார், ஒரு பாதிக்கு நீலம், மறுபாதிக்குச் சிவப்பு பூசுவார், அம்புக்குறிகளைப் பறக்கவிடுவார், கையைத் தட்டிக்கொண்டு, "அப்படியே எடுங்க. ஒரு கோடு மாறினா ஒரு மார்க் போச்சு" என்பார். பாடம் முடிந்தது!

தறி வீட்டுப் பிள்ளைகளின் கை சும்மா இருக்குமா? ஒருவன் பெருந்தமனியில் மயில் போட்டுவிட்டான். மார்க் குறைந்தது. பலகையில் மயில் இல்லையே.

பொன்னிக்குப் பதினொன்றில் உயிரியல் பிரிவு வேண்டும். மார்க் வந்தால்தான் கிடைக்கும். "இடது வெண்ட்ரிக்கிள் சுவர் மட்டும் ஏன் சார் தடிமனா இருக்குது?" என்று கேட்டாள்.

"படத்துல அப்படித்தாம்மா."

மறுநாள் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

"இன்னாமா இது?"

"ஆட்டு இதயம் சார். பாய் கடையில சொல்லிவெச்சு வாங்கினு வந்தேன். இந்தப் பக்கம் வெரலு போவவே இறுக்கமா இருக்குது, அந்தப் பக்கம் தொளதொளன்னு இருக்குது பாருங்க."

சார் டப்பாவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "நீலம் எங்க?"

"இல்ல சார்."

"ஆடு கலரடிக்க மறந்துடுச்சு சார்" என்றது கடைசி பெஞ்சு.

"ஆடு தப்பும்மா. எடுத்துக்கினு போயி கொழம்பு வெச்சுடு."

திருப்புதல் தேர்வில் பொன்னி பலகைப் படத்தை வரையாமல் தன் விரல் கண்டதை எழுதினாள். சிவப்புப் பேனா குறுக்கே பாய்ந்தது. இப்போது பொன்னி தப்பு.

பொதுத்தேர்வு வந்தது. படம் கேட்கவில்லை, படுபாவிகள், காரணம் கேட்டுவிட்டார்கள். சுவர் ஏன் தடிமன்? இதே ரகத்தில் இன்னும் நாலைந்து. வகுப்பே அழகழகாக இதயம் வரைந்து வைத்துவிட்டு வந்தது. பொன்னி மட்டும், 'அது உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டும், வலது பக்கத்துக்கு நுரையீரல் வரைதான் வேலை' என்று எழுதினாள். உயிரியல் பிரிவு கிடைத்தது. மைசூர்பாகோடு போனாள். சார் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கொஸ்டின் பேப்பரே தப்பும்மா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பெரிய காஞ்சிபுரத்தில், கண்ணெதிரே தேர் மலைபோல் நிற்க, ஹாரனை அமுக்கிக்கொண்டே, "மேப்புல ரோடு காலியாத்தானே காட்டுது!" என்று கத்தினாரே ஒருவர், உங்கள் ஜாடையாகத்தான் தெரிந்தது.

தேர்தான் தப்பு, இல்லையா?