பவளத்துக்குக் கட்டிய கொசுவலை

விருத்தாசலம்
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை திலீபன் அவர்களுக்கு,

மாமனார் கோவிந்தராசு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் தொட்டியில் உள்ள நான்கு மீன்களும் நலம். புனேயில் நீங்களும் மகள் வெண்பாவும் நலமாக இருப்பீர்கள். தொட்டியில் நீங்கள் வளர்க்கும் பவளம் நலமா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேன். போன் என்றால் நடுவில் கேள்வி கேட்பீர்கள்.

பயிற்சிக்குக் கிளம்பும்போது, "மாமா, தொட்டிக்குப் புது லைட்டு பார்சல்ல வரும். வாங்கி மட்டும் வெச்சிடுங்க. நான் வந்து மாட்டிக்கிறேன்" என்று சொன்னீர்கள். வாங்கி வைத்தேன். இரண்டு நாள் வைத்தேன். முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் இருந்து, பெண்ணாடம் வரைக்கும் கம்பம் ஏறியவன் வீட்டில் ஒரு விளக்கு அட்டைப்பெட்டிக்குள் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்குமா? "மாப்ள வந்து மாட்டிக்கிறேன்னாங்கல்ல, உங்களுக்கு ஏன் கை அரிக்குது?" என்று அத்தை கேட்கும்போதே நான் ஏணியில் இருந்தேன். பழைய குழல்விளக்குகளைக் கழற்றுகையில் என் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கக் கை விட்டால் அந்த ஆரஞ்சு மீன் கடித்தது. விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது ஆராய வேண்டும்.

ஒருவழியாக மாட்டிப் போட்டேன். மாப்பிள்ளை, அப்படியொரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை. அதுவரை பழுப்பாகத் தெரிந்த பவளம் பச்சையும் ஆரஞ்சுமாக உள்ளிருந்து எரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பழமலைநாதன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னாங்க, வூட்டுக்குள்ள போலீஸ் வண்டி நிக்குதா?" என்று கேட்டுவிட்டு, அவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் நாள் பவளம் சுருங்கிவிட்டது. கல்யாணமான வருஷம் கட்டைவிரல் அளவில் வாங்கி, நீங்கள் உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்தது, ஓரமெல்லாம் வெளுத்துப் போய்க் கிடந்தது. மீன் உணவு டப்பாவில் நம்பர் இருந்ததால் புதுச்சேரிக் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பெயர் ஆனந்தராஜ்.

"ஐயா, அது கல்லு இல்ல, உசுரு. அது ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குது. வெளிச்சத்த வாங்கி பாசி சமைக்குது, பவளம் சாப்புடுது. நீங்க முழு வெளிச்சத்த ஒரே நாள்ல போட்டா சமையக்காரன் ஓடிப்பூடுவான்."

"ஓடிட்டா?"

"பவளம் வெளுத்துப் பட்டினி கெடக்கும். இருபது பர்சென்ட்ல ஆரம்பிச்சு, ஒரு மாசத்துல மெல்ல ஏத்துங்க."

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் விளக்கில் ஒரு திருகுகூட இல்லை. எல்லாம் செல்போன் ஆப்பாம். என் பழைய போனில் அது ஏற மறுத்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, கல்யாணத்துக்கு முன்பு பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த உங்கள் அத்தை, "சூளையில வெச்சதும் ஒரேடியா தீய ஏத்துவாங்களா? அத்தனை கட்டையும் விரிஞ்சுடாது? இது தெரியாதா உங்களுக்கு?" என்று சொல்லிக்கொண்டே என் கட்டிலில் இருந்த கொசுவலையை உருவினாள். அதை எட்டாக மடித்து விளக்குக்குக் கீழே கட்டினோம். நான்கு நாளைக்கு ஒரு மடிப்பு பிரிப்பது என்று ஏற்பாடு. கொசுக்கள் என்னை முழு வெளிச்சத்தில் சாப்பிட்டன, அதை விடுங்கள்.

பதினோராம் நாள் காலை, காப்பி டம்ளரோடு போனேன். பவளம் விரிந்திருந்தது! நடுவில் வாய்போல ஒன்று திறந்து மூடியது. "திரௌபதி, இங்க வா, வாயத் தொறக்குது!" என்று உங்கள் அத்தையைக் கூப்பிட்டு நான் கத்திய கத்தலில் பழமலைநாதனும் ஓடி வந்துவிட்டார். ஓரத்து வெளுப்பு இன்னும் போகவில்லை, ஆனால் நிறம் திரும்புகிறது. உத்தியோகத்தில் எத்தனையோ முறை லைனை நிறுத்தியிருக்கிறேன். வெளிச்சத்தையே சாப்பிடுகிறவர் ஒருவர்கூட என்னிடம் புகார் கொடுத்ததில்லை. ராத்திரியில் அதற்குப் பசிக்குமா? ஓடிப்போன பாசிக்கு வீடு தெரியுமா, இல்லை வேறு பாசி வருமா? விவரமாக எழுதவும்.

செய்த தப்பை மன்னிக்கவும். கொளஞ்சியப்பர் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும். அத்தை உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
கோவிந்தராசு

பின்குறிப்பு: உறையில் தபால்தலை ஒட்டிய பிறகு வெண்பா போன் செய்தாள். தொட்டிக்கு எதிரே அலமாரியில் இருக்கும் வெள்ளை உருண்டை காமிராவாமே! ரூம் ஸ்பிரே என்று நினைத்து நான் இரண்டு தடவை மோந்து பார்த்திருக்கிறேன். "நீங்க ஏணியில ஏறினப்பவே அவரு பதறிப்போயி போன எடுத்தாருப்பா. அப்புறம் நீங்க நாற்காலியப் போட்டு உக்காந்ததப் பாத்துட்டு, மாமா எவ்ளோ சந்தோஷமா இருக்காருன்னு போன வெச்சிட்டாரு" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. அந்த உருண்டை வழியாகப் பேசவும் முடியுமாம். சட்டை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். சொல்லுங்கள் மாப்பிள்ளை.