ஆளுக்கொரு டெஃபினிஷன்

பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கும் வீட்டில், பரீட்சை முடிகிற வரை அவளுடைய அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கூடாது. இதை எந்த ஜோசியரும் சொல்வதில்லை. பட்டவள் நான் சொல்கிறேன்.

தமிழிலேயே படித்து வந்த நான், இரண்டாயிரங்களின் நடுவில், சென்னையில் பல்கலைக்கழகத்தில் ஹெல்த் சைக்காலஜி சேர்ந்திருந்தேன். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியில் எனக்குத் தெரிந்தது 'இஸ்', 'தி' இரண்டும்தான். கும்மிடிப்பூண்டியில் ரயிலேறும்போது உருப்போட்ட வார்த்தை பொன்னேரி வருவதற்குள் இறங்கிப் போய்விடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். (என் மூளை வேலை செய்தாலே யாருக்காவது ஆபத்து.) ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டில் ஓர் ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, டெஸ்ட்டில் சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் "மிஷினு ரிப்பேருப்பா" என்று ஜிலேபியைக் கடிப்பவர். நோயை ஒப்புக்கொள்ளாத அவருக்கு 'டினையல்'. குக்கர் விசிலடிக்கத் தாமதமானால் குக்கரையே திட்டும் அம்மாவுக்கு, அவசரக்காரர்களின் 'டைப் ஏ'. அப்பா இரும்பு மில்லில் ஷிப்டு முடிந்து வந்து, செய்தி பார்க்க அம்மாவிடம் ரிமோட் கேட்டுக் கேட்டுத் தோற்றவர். இப்போதெல்லாம் அம்மா ஊரில் இல்லாவிட்டாலும் சீரியலைத்தான் பார்க்கிறார். தோற்றுத் தோற்று முயற்சியையே விட்டுவிட்ட அவருக்கு 'லேர்ண்ட் ஹெல்ப்லெஸ்னெஸ்'.

மூவருக்கும் பட்டம் வாங்கிய பெருமை. சாயங்காலம் நான் வார்த்தையைச் சொன்னால், உரியவர் எழுந்து நின்று டெஃபினிஷனை ஒப்பிப்பார். எனக்கு மனப்பாடம் ஆகும் முன்பே அவர்களுக்கு ஆகிவிட்டது.

அப்போதுதான் கடம்பத்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோ அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எவன் முன்னாடியும் காபித் தட்டோட நிக்க மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "நீ இன்னாம்மா படிக்கிற?" என்று கேட்கிற வரை.

"ஹெல்த் சைக்காலஜி."

"அப்டின்னா?"

அந்த வார்த்தையை மட்டும் நான் யாரிடமும் ஒப்படைத்திருக்கவில்லை. மகளின் மானத்தைக் காக்க அப்பா எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "ஐ ஆம் லேர்ண்ட் ஹெல்ப்லெஸ்னெஸ்" என்று தொடங்கி மூச்சுவிடாமல் முடித்தார். அவர் முடிக்கப் பொறுக்காமல் அம்மா குதித்தாள்: "ஐ ஆம் டைப் ஏ! ஹாஸ்டிலிட்டி! இம்பேஷன்ஸ்!" கடைசியாக மாமா, வாயில் ஜிலேபியுடன், "டினையல். ரெஃப்யூசல் டு அக்செப்ட் இல்னெஸ்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளா இருக்குது?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசமா. இவதான் குடுத்தா" என்றார் அப்பா, என்னைக் காட்டி, பூரிப்புடன்.

கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழும் சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பிளாட்பாரத்தில் அவர்களைப் பிடித்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன்: "அத்த, அது வியாதி இல்ல. எல்லாருக்கும் இருக்கறதுதான்!"

"எல்லாருக்குமா? ஊர் பூரா பரவிக்கிச்சா?" அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

தமிழில் சொல்லலாம் என்றால், என் படிப்பில் ஒரு வார்த்தைக்கும் எனக்குத் தமிழ் தெரியாது. வேறு வழியில்லாமல் அப்பாவின் ரிமோட் கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க மூக்கிலிருந்து முந்தானை இறங்கியது. அவர் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். பைகளைச் சுமந்து நின்ற மனிதர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இரு" என்றார் அத்தை. வாய் மூடிக்கொண்டது.

"இவருக்கும் அதேதாம்மா! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இருக்குது. நான்தான் பேர் தெரியாம பேஜார் பட்டுக்கினு இருந்தேன்." பிறகு ஆவலுடன் கேட்டார்: "எனக்கு இன்னா இருக்குது?"

அச்சு அசல் டைப் ஏ. ஆனால் அக்காவின் வாழ்க்கை என் நாக்கில் நின்றது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல அத்த."

அவர் முகம் வாடிவிட்டது. பயந்துபோய், பாடத்தில் இருந்த ஒரே நல்ல வார்த்தையை, கஷ்டத்தில் தோள் கொடுப்பவர்களுக்கு உரியதை, எடுத்துக் கொடுத்தேன்: "சோஷியல் சப்போர்ட்."

அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரயில் வந்தது. ஏறும்போது, "நாள் பாக்கச் சொல்லும்மா" என்றார்.

அக்கா கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள். அந்த வியாதிகள் வியாதியே இல்லை என்று நாங்கள் சொல்லாத நாளில்லை. பிறகு அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. வந்தவர்களிடமெல்லாம் அத்தை எங்களை அறிமுகப்படுத்தினார்:

"இவங்கதான் எங்க சம்மந்தி ஊட்டாளுங்க. எல்லாருக்கும் வியாதி. ஆனா தங்கமான மனுசங்க."