சோத்தாங்கைப் பக்கம் போன வேன்

ஜெபத்தில் இருக்கிற மனுஷன் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். இதை நான் கோயிலில் கற்றுக்கொள்ளவில்லை. செஞ்சிக்குப் போகிற ரோட்டில் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளில் நடந்தது. அப்போது எனக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. மகள் ஸ்டெல்லா டைபாய்டில் கண் திறக்காமல் கிடந்தபோது, என் மனைவி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்தால் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. அதையும் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும். பிள்ளை எழுந்துவிட்டாள். ஆனால் உடம்பு தேறவில்லை. அவளுக்குத் துணையாக மனைவி வீட்டில் இருக்க, கூட்டாளிகளோடு நான் கிளம்பினேன்.

பஸ்ஸில் போயிருக்கலாம். (போயிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.) அயனம்பாக்கத்து மாணிக்கம் தன் பழைய வேனை எடுத்து வந்தான். சாமி வேறானாலும் என் மகள் மேல் உயிரையே வைத்திருந்தவன். செங்கல்பட்டைத் தாண்டி அவன் வண்டி ஓட்டியதில்லை. வழி தெரிந்தவன் நான் என்பதால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் பட்டறைச் சிநேகிதன் சூசை. மெழுகுவர்த்தியில் யார் காலும் படக்கூடாது என்று, புதுத் துண்டில் சுற்றி வேன் கூரைமேல் கட்டினேன். வெயில் என்று ஒன்று இருப்பது என் பக்திக்குத் தோன்றவில்லை.

கொடியேற்றத்தன்று விடிந்ததும் புறப்பட்டோம். பூந்தமல்லி தாண்டுவதற்குள் ஒரு டயர் பஞ்சர், மதுராந்தகம் அருகே இன்னொன்று. வெயில் ஏறிவிட்டது. இனி மாதாதான் கதி என்று ஜெபமாலையை எடுத்து, மணி மணியாக உருட்டிச் சொல்லும் ஐம்பத்து மூன்று மணி ஜெபத்தை ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் ஜெபமாலை நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. தெருவில் தீப்பிடித்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர். இந்தச் சட்டத்தை மாணிக்கத்துக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

திண்டிவனத்தில் ரோடு பிரிந்தது. அவன் மெதுவாகக் கேட்டான்.

"பீச்சாங்கை பக்கமா, சோத்தாங்கை பக்கமா அண்ணாத்தே?"

'இரு, இந்த மணி முடியட்டும்' என்ற அர்த்தத்தில், கண்ணை மூடியபடியே ஜெபமாலை பிடித்த கையை உயர்த்தினேன். அது சோத்தாங்கை. பாண்டிச்சேரி ரோடு பீச்சாங்கைப் பக்கம்.

சூசை பின்னாலிருந்து என் தோளைச் சுரண்டினான். பராக்குப் பார்க்கிறான் என்று நான் குரலை உயர்த்தினேன். மன்றாட்டுமாலையை முடித்து, எங்கள் தெருவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக வேண்டி, ஆமென் சொல்லிக் கண் திறந்தால் இரண்டு பக்கமும் செஞ்சியின் பாறை மலைகள்.

"கடலுக்குப் போற வழியில ஏதுடா மலை?" என்றேன்.

"நீதானே கை காட்டின" என்றான் மாணிக்கம்.

"இருன்னு காட்டினேன்டா."

"எனுக்கு இன்னா தெரியும்? ஜெபத்துல இருக்கிற ஆளு, சாமியே காட்டுதுன்னு வந்துகினு கீறேன்."

சூசை அலுத்துப்போன குரலில், "மாமே, நான் சுரண்டினப்பவே திரும்பியிருந்தா இந்நேரம் பாண்டிச்சேரி" என்றான். வேனைத் திருப்பித் திண்டிவனத்துக்கே வந்து பாண்டிச்சேரி ரோட்டைப் பிடித்தோம். அப்புறம் வழியில் நான் ஜெபமாலையைத் தொடவில்லை.

வேளாங்கண்ணியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. கொடி உச்சியில் பறந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. துண்டைப் பிரித்தால் மெழுகுவர்த்தி குடைப்பிடி மாதிரி வளைந்திருந்தது. நிமிர்த்தப் போனேன், விரிசல் விட்டது. அப்படியே வளைந்ததை ஏற்றினேன். மெழுகெல்லாம் என் சட்டையில் சொட்டியது. மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்தில் மாணிக்கம் கும்பிட்டபடி நின்றான். "எம்மா, வழி மாறினது எங்க தப்பு. கொயந்த மேல கணக்கு வெச்சுக்காத."

அன்றைக்கு ஒழுங்கான ஜெபம் என்றால் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதாவும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தான், புரிந்துகொள்வாள் என்று மட்டும் சொன்னாள். ஸ்டெல்லாதான், கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, மெழுகுவர்த்தி தன் உயரம் இருந்ததா என்று கேட்டாள். வளைவையும் சேர்த்து அளந்தால் சரியாக இருக்கும் என்றேன்.

அவளுக்கு இப்போது கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். வருஷா வருஷம் காரில் வேளாங்கண்ணி போகிறோம். தாம்பரம் தாண்டி நான் ஜெபமாலையை எடுத்ததும் ஸ்டெல்லா என்னைப் பின் சீட்டுக்கு மாற்றி, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"இப்ப ஆரம்பிங்கப்பா."

திண்டிவனம் தாண்டும்வரை விடமாட்டாள். நானும் இழுக்கமாட்டேன்.